72 மணி நேரத்துக்குள் ஒரு படம்

"மூளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல டாக்டர்? ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமா?"

காய்ச்சலில் பிட்ஸ் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த எந்தப் பெற்றோரும் இதைக் கேட்காமல் இருந்ததில்லை. அதற்குள் வலிப்பு நின்றிருக்கும். குழந்தை அம்மாவின் தோளில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். அப்பாவின் கை மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கும். மருத்துவர் குழந்தையின் கழுத்தை மடக்கிப் பார்ப்பார், உச்சிக்குழியைத் தொட்டுப் பார்ப்பார், மூளைக்காய்ச்சலுக்கான அறிகுறி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்வார். பிறகு, "ஸ்கேன் வேண்டாம்மா. இதுக்குத் தேவையில்லை" என்பார். கேட்டவர்களுக்குப் பாதி நிம்மதிதான் வரும். மீதிப் பாதியில், பார்க்காமலேயே எப்படிச் சொல்கிறார் என்ற சந்தேகம் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தச் சந்தேகம் நியாயமானது. அந்த ஒற்றை வரிப் பதிலுக்குப் பின்னால் 100 ஆண்டுகளுக்கும் மேலான ஒரு சர்ச்சை இருக்கிறது. அதன் நடுப்பகுதியை அவிழ்த்தது, எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் தூங்கவைக்கப்பட்ட சில நூறு குழந்தைகளின் படங்கள்.

முதலில் காய்ச்சல் வலிப்பைப் பற்றிக் கொஞ்சம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு, மூளையில் எந்தத் தொற்றும் இல்லாமல், காய்ச்சலோடு சேர்ந்து வரும் வலிப்பு இது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 100 குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு ஒருமுறையேனும் வருகிறது. ஜப்பானில் இன்னும் அதிகம். வளரும் மூளையில் நரம்பணுக்களைத் தூண்டும் ஏற்பாடுகள் முந்திக்கொள்கின்றன. அடக்கும் ஏற்பாடுகள் பிந்தித்தான் முதிர்கின்றன. நரம்பணுவின் சவ்வில் அயனிகளை உள்ளே விடும் வாயில்களோ வெப்பத்துக்கு ஏற்பத் தங்கள் போக்கை மாற்றிக்கொள்பவை. போதாததற்கு, காய்ச்சலை உண்டாக்கும் இன்டர்லூக்கின் போன்ற அழற்சிப் பொருட்கள் நரம்பணுக்களை நேரடியாகவும் உசுப்பிவிடுகின்றன. குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதில் வந்திருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பும் கூடுகிறது. "காய்ச்சல் தலைக்கு ஏறிருச்சு" என்று நம் ஊரில் சொல்வது உடலியல்படி அவ்வளவு தப்பில்லை.

பெரும்பாலான காய்ச்சல் வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. நம் வீடுகளில் அந்த நேரத்தில் யாராவது ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து குழந்தையின் கையில் திணிப்பார்கள். சாவியைத் தேடி எடுத்து, விறைத்த விரல்களைப் பிரித்து வைப்பதற்குள் வலிப்பு தானே நின்றுவிடும். பெயர் இரும்புக்குப் போய்விடும். சாவியால் பெரிய கெடுதல் இல்லை. வாய்க்குள் கரண்டியையோ விரலையோ நுழைப்பதுதான் ஆபத்து. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்ப்பதே போதும். கடிகாரம் ஏன் முக்கியம் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஸ்கேன் வேண்டாம் என்ற பதிலுக்கு முதல் வலுவைத் தந்தவர்கள் கேரின் நெல்சன், ஜோனஸ் எலன்பர்க் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். 1959-இல் தொடங்கி அமெரிக்காவின் பல நகரங்களில் சுமார் 54,000 கர்ப்பங்களைப் பின்தொடர்ந்த ஒரு மாபெரும் ஆய்வு நடந்தது. அதில் பிறந்த குழந்தைகளில் காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 பேரை ஏழு வயது வரை கவனித்து 1976-இல் அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே வளர்ச்சிக் குறைபாடு எதுவும் இல்லாமல், குறுகிய, சாதாரண வலிப்பு மட்டும் வந்த குழந்தைகளில், பின்னாளில் காய்ச்சல் இல்லாமலே வலிப்பு நோய் கண்டவர்கள் 1,000-க்கு 11 பேர். காய்ச்சல் வலிப்பே வராத குழந்தைகளில் 1,000-க்கு 5 பேர். வித்தியாசம் உண்டு, ஆனால் சிறியது. வலிப்பு வந்த குழந்தைகளையும் அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் ஒப்பிட்டு அறிவுத்திறன் சோதனை வைத்துப் பார்த்தபோது அதிலும் வேறுபாடு தெரியவில்லை.

அதுவரை பயந்து, காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளுக்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் பீனோபார்பிட்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் குலைக்கும் மருந்து அது. அந்தப் பழக்கம் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டதற்கு இந்த எண்களே அடித்தளம். இப்படிப்பட்ட பொறுமையான கணக்கெடுப்புகளை நாம் போதிய அளவு கொண்டாடுவதில்லை என்பது என் ஆதங்கம்.

மறுபக்கத்தில் அறுவை சிகிச்சை நிபுணர்கள் நின்றார்கள். அவர்கள் கண்டதும் பொய்யில்லை.

மூளையின் பக்கவாட்டு மடலுக்குள், காதுக்கு நேர் உள்ளே, சுருட்டி மடித்த வெற்றிலையைப் போல ஓர் உறுப்பு இருக்கிறது. இத்தாலிய உடற்கூற்றியலாளர் அரான்சி 1587-இல் அதற்குக் கடல்குதிரையின் பெயரை வைத்தார்: ஹிப்போகேம்பஸ். புதிய நினைவுகளைப் பதிய வைப்பது இதன் வேலை. 1953-இல் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்க இளைஞரின் வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்கத்து ஹிப்போகேம்பஸையும் பெருமளவு வெட்டி எடுத்தார்கள். அதன் பின் 2008-இல் இறக்கும்வரை புதிதாகச் சந்தித்த யாரையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இப்படிப்பட்ட இந்த உறுப்பு, நாள்பட்ட வலிப்பு நோயாளிகள் பலரிடம் சுருங்கி, கெட்டிப்பட்டு, தழும்பேறிக் கிடப்பதை 19-ஆம் நூற்றாண்டின் பிணப் பரிசோதனைகளிலேயே கண்டிருந்தார்கள். 1880-இல் வில்ஹெல்ம் சோமர் என்ற ஜெர்மன் மருத்துவர், ஹிப்போகேம்பஸின் எந்த வளைவில் நரம்பணுக்கள் மடிந்துபோகின்றன என்பதைத் துல்லியமாகக் குறித்தார். இன்றும் அந்த இடத்துக்குச் சோமர் பகுதி என்றே பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 130 ஆண்டுகள் கழித்து எம்.ஆர்.ஐ. திரையில் இதே இடம் மறுபடி வரப்போகிறது.

1950-களில் மூளையின் நோயுற்ற பகுதியை வெட்டி எடுத்து வலிப்பை நிறுத்தும் சிகிச்சை உலகின் சில இடங்களில் வேரூன்றியது. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1952-இலேயே வலிப்புக்கான அறுவை சிகிச்சையைச் செய்திருக்கிறார். லண்டனில் முர்ரே ஃபால்கனர், பக்கவாட்டு மடலைத் துண்டு துண்டாக எடுக்காமல் ஒரே கட்டியாக எடுக்கும் முறையைக் கையாண்டார். அதனால் உள்ளிருக்கும் ஹிப்போகேம்பஸ் சிதையாமல் நோய்க்குறியியலாளரின் மேசைக்குப் போனது. ஏறக்குறைய பாதிப் பேரிடம் அதே தழும்பு. அந்த நோயாளிகளின் சிறுவயதுக் கதையைக் கேட்டபோது அதில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வந்தது: "ரெண்டு வயசுல கடுமையான காய்ச்சல், ரொம்ப நேரம் வலிப்பு."

காய்ச்சல் வலிப்புதான் மூளையைச் சுட்டுத் தழும்பாக்கியது என்று அறுவை சிகிச்சை நிபுணர்கள் முடிவுகட்டினார்கள். 1,706 குழந்தைகளைப் பார்த்தோம், அப்படி எதுவும் இல்லை என்றார்கள் கணக்கெடுத்தவர்கள். இரு தரப்பும் கண்ணால் கண்டதையே சொன்னார்கள். கிணற்றில் விழுந்தவர்களை மட்டும் விசாரித்தால் ஊரிலுள்ள எல்லாக் கிணறுகளும் ஆளை விழுங்கும் கிணறுகளாகத்தான் தெரியும். ஊரிலுள்ள எல்லோரையும் விசாரித்தாலோ விழுந்த ஒருவரின் குரல் கூட்டத்தில் கரைந்துபோகும்.

இதற்குள் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருந்தது. ஒருவேளை ஹிப்போகேம்பஸ் பிறவியிலேயே கோணலாக அமைந்து, அதனால்தான் காய்ச்சலில் நீண்ட வலிப்பு வந்ததோ? அப்படியானால் தழும்பு விளைவல்ல, காரணம். 25 வயதில் வெட்டி எடுத்த திசுவை எவ்வளவு நேரம் நுண்ணோக்கியில் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. சாம்பலைப் பார்த்து நெருப்பை முதலில் வைத்தது யார் என்று சொல்ல முடியாது.

1973-இல் பிரையன் மெல்ட்ரம் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பபூன் குரங்குகளிடம் ஒரு பாதியைத் தீர்த்தார். வலிப்பைத் தூண்டிய பின், தசைகளைச் செயலிழக்கச் செய்து, செயற்கை மூச்சு கொடுத்து, ஆக்சிஜனும் இரத்த அழுத்தமும் குறையாமல் பார்த்துக்கொண்டார். அப்போதும் ஹிப்போகேம்பஸ் அணுக்கள் மடிந்தன. மூச்சுத் திணறலால் மட்டும் சேதம் வருவதில்லை. நரம்பணுக்கள் ஓயாமல் வெடித்துக்கொண்டே இருப்பதே அவற்றைக் கொல்லும் என்பது இதனால் தெரிந்தது. குளூட்டமேட் என்ற தூண்டுபொருள் வெள்ளமாகக் கொட்டுகிறது. அணுவுக்குள் கால்சியம் பாய்கிறது. கூடவே நீரும் புகுந்து அணு வீங்குகிறது. வீக்கம் வடியாவிட்டால் அணு சாகிறது. சோமர் பகுதி அணுக்களுக்கு இந்த வெள்ளத்தைத் தாங்கும் வலு குறைவு.

குரங்கில் நடப்பது குழந்தையிலும் நடக்கிறதா? உயிரோடிருக்கும் குழந்தையின் மூளையைத் திறக்காமல் அணு வீக்கத்தைப் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அதற்கென்றே பிறந்த கருவி போல வந்து சேர்ந்தது.

எம்.ஆர்.ஐ. எடுப்பது, அடிப்படையில், தண்ணீரின் படம். நம் உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பம்பரம். வலிமையான காந்தப்புலத்துக்குள் அவை ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. 1.5 டெஸ்லா எந்திரத்தில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை, அதாவது எஃப்.எம். வானொலிக்குச் சற்றுக் கீழே உள்ள அலையை, ஒரு கணம் அடித்தால் எல்லாப் பம்பரங்களும் ஒரே தாளத்தில் சுழன்று பதில் குரல் தருகின்றன. பிறகு தாளம் கலைகிறது, குரல் தேய்கிறது. தேயும் வேகத்தை அளக்கும் ஓர் அளவைக்கு டி2 என்று பெயர். புரதங்களோடும் சவ்வுகளோடும் ஒட்டி உரசிக்கொண்டிருக்கும் நீரில் குரல் சீக்கிரம் தேய்ந்துவிடும். தாராளமாக ஓடித் திரியும் நீரில் நெடுநேரம் நிற்கும். நெடுநேரம் நிற்பது திரையில் வெள்ளையாகத் தெரியும். வீங்கிய திசுவில் நீர் அதிகம். ஆகவே வீங்கிய ஹிப்போகேம்பஸ், சாம்பல் நிற மூளைக்கு நடுவே வெளுத்து ஒளிரும்.

1998-இல் அமெரிக்காவில் டாரல் லூயிஸின் குழுவும், அடுத்த சில ஆண்டுகளில் லண்டனில் ராட் ஸ்காட்டின் குழுவும், நீண்ட காய்ச்சல் வலிப்பு வந்த சில குழந்தைகளிடம் இந்த வீக்கத்தைக் கண்டார்கள். ஆனால் பார்த்தது மிகச் சில குழந்தைகளையே. உறுதியாகச் சொல்லப் பெரிய ஆய்வு தேவைப்பட்டது.

அதுதான் ஃபெப்ஸ்டாட். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலுள்ள மான்டிஃபியோர் மருத்துவமனையைச் சேர்ந்த குழந்தை நரம்பியல் மருத்துவர் ஷ்லோமோ ஷின்னார் தலைமையில், சிகாகோ, டர்ஹாம், ரிச்மண்ட், நார்ஃபோக் நகரங்களின் மருத்துவமனைகளும் சேர்ந்து 2003-இல் குழந்தைகளைச் சேர்க்கத் தொடங்கின. தற்செயலாக, எம்.ஆர்.ஐ.யைக் கண்டறிந்ததற்காகப் பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். ஆய்வில் சேர நிபந்தனை: காய்ச்சலோடு வந்த வலிப்பு 30 நிமிடமோ அதற்கு மேலோ நீடித்திருக்க வேண்டும். அத்தகைய வலிப்பு அரிது. ஆகவே 199 குழந்தைகளைச் சேர்க்கப் பல ஆண்டுகள் பிடித்தன. வலிப்பு வந்த 72 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். வீக்கம் உச்சத்தில் இருப்பதும், பின்னர் வடிந்துபோவதும் நாட்கணக்கில் நடப்பவை. ஒரு வாரம் தாமதித்தால் சாட்சி கலைந்துவிடும்.

இந்த 72 மணி நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தை. அரை மணிக்கும் மேல், பாதிப் பேருக்கு மேல் ஒரு மணியையும் தாண்டி, வலிப்பில் கிடந்து எழுந்திருக்கிறது. உடம்பில் இன்னும் காய்ச்சல். பெற்றோர் இரண்டு இரவுகளாகத் தூங்கவில்லை. அந்த நிலையில் ஓர் ஆய்வாளர் வந்து, குழந்தையைத் தூங்கவைத்து, ஆலை போல் இரையும் குழாய்க்குள் முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்கவைக்க அனுமதி கேட்கிறார். அந்தப் படத்தால் அந்தக் குழந்தைக்கு உடனடியாக எந்தச் சிகிச்சையும் மாறப்போவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்கிறார். ஓராண்டு கழித்து மறுபடி வர வேண்டும் என்கிறார். சரி என்று தலையசைத்தவர்களின் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் இல்லை. மருத்துவம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடனை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

படங்களைப் படித்தவர்களுக்கு எந்தப் படம் எந்தக் குழந்தையுடையது என்று தெரியாது. ஒப்பிடுவதற்காக, சாதாரணக் காய்ச்சல் வலிப்பு வந்த 96 குழந்தைகளின் படங்களும் பார்க்கப்பட்டன. 2012-இல் முடிவு வெளியானது. நீண்ட வலிப்பு வந்தவர்களில் படமெடுக்கப்பட்ட 191 பேரில் 22 பேரின் ஹிப்போகேம்பஸில் வெள்ளை ஒளிர்வு. 17 பேரிடம் ஐயத்துக்கிடமில்லாமல், 5 பேரிடம் சற்றுத் தயக்கத்தோடு. சாதாரண வலிப்பு வந்த 96 பேரில்? ஒருவரிடமும் இல்லை.

அந்தச் சுழியமே, ஆரம்பத்தில் சொன்ன தாய்க்கான பதில். இரண்டு நிமிட வலிப்பு, ஐந்து நிமிட வலிப்பு வந்த குழந்தையின் ஹிப்போகேம்பஸில் வீக்கத்தின் சுவடு காணப்படவில்லை. 2011-இலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி, சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்கு வழக்கமாக ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை என்று வழிகாட்டியிருந்தது. சி.டி. ஸ்கேன் என்றால் கதிர்வீச்சு, எம்.ஆர்.ஐ. என்றால் மயக்க மருந்து. பலனில்லாத இடத்தில் இரண்டில் எதையும் ஒரு குழந்தை ஏன் சுமக்க வேண்டும்? மருத்துவர் வேண்டாம் என்று சொல்வதைக் கவனக்குறைவாக எண்ண வேண்டாம். எத்தனையோ குழந்தைகளைப் பார்த்த பிறகு கிடைத்த அறிவு அது. காசு செலவழிக்காத வைத்தியம் மட்டமான வைத்தியம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த ஒரு விஷயத்திலாவது அதை விட்டுவிடலாம்.

இனி அந்த 22 பேர். ஒளிர்வு பரவலாக இல்லை. ஹிப்போகேம்பஸுக்குள் எங்கே அதிகம் என்று பார்த்தால், சோமர் பகுதியில். 1880-இல் இறந்தவர்களின் மூளையில் வெற்றிடமாகக் காணப்பட்ட அதே வளைவு, இப்போது உயிருள்ள குழந்தையின் மூளையில், வலிப்பு வந்த 72 மணி நேரத்துக்குள், வீங்கி வெளுத்திருந்தது. ஓராண்டு கழித்து அவர்களில் 14 பேர் மறுபடி எந்திரத்துக்குள் படுத்தார்கள். 10 பேரின் ஹிப்போகேம்பஸ் சுருங்கித் தழும்பேறியிருந்தது. முதல் படத்தில் ஒளிர்வு இல்லாத 116 பேரில் அப்படி ஆனது ஒரே ஒருவருக்கு. 2014-இல் வெளியான இந்த இரண்டு எண்கள், 14-க்கு 10, 116-க்கு 1, நான் படித்த மருத்துவ ஆய்வுகளில் மிகத் தெளிவாகப் பேசும் எண்களில் சேர்ந்தவை. வளர்ந்த நோயாளிகளிடம் ஃபால்கனர் கையிலெடுத்துப் பார்த்த தழும்பு எப்படிப் பிறக்கிறது என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே, படிப்படியாக, கண்ணெதிரே பார்த்தாயிற்று. நீண்ட வலிப்பு தழும்பை உண்டாக்க வல்லது. ஆனால் நீண்ட வலிப்பு வந்தவர்களிலும் பத்தில் ஒருவருக்கு மட்டுமே முதலில் வீக்கம். ஆக, கணக்கெடுத்தவர்களும் சரி, கத்தி பிடித்தவர்களும் சரி.

பிறவிக் கோணல் பற்றிய கேள்வியையும் அந்தப் படங்கள் விட்டுவைக்கவில்லை. மூளையைக் குறுக்காக, வாழைத்தண்டை நறுக்குவதுபோல் வெட்டிப் பார்த்தால், ஹிப்போகேம்பஸ் நீள்வட்டமாகப் படுத்திருக்க வேண்டும். சிலரிடம் அது சரியாகச் சுருளாமல், உருண்டையாக நிமிர்ந்து நிற்கிறது. கருவிலேயே நேர்ந்த மடிப்புப் பிழை இது, வலிப்பால் வந்ததல்ல. ஹிப்போகேம்பஸின் இத்தகைய வளர்ச்சிப் பிழைகள் நீண்ட வலிப்பு வந்தவர்களில் 20 பேரிடம், அதாவது 10.5 விழுக்காட்டினரிடம் இருந்தன. ஒப்பீட்டுக் குழுவில் இரண்டே பேரிடம். அப்படியென்றால் சில குழந்தைகளுக்கு, ஒரு சிறு அமைப்புக் கோளாறு முன்பே இருந்து, காய்ச்சலில் வந்த வலிப்பை நிற்கவிடாமல் இழுத்திருக்கலாம். முட்டையும் உண்டு, கோழியும் உண்டு. இயற்கை ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

காய்ச்சலுக்குக் காரணமான கிருமியையும் தேடினார்கள். நீண்ட வலிப்பு வந்த குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரிடம் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த எச்.எச்.வி.-6பி வைரஸின் புதிய தொற்று அல்லது மீளெழுச்சி காணப்பட்டது. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இரண்டு மூன்று வயதுக்குள் தொட்டுப்போகும் வைரஸ் இது. மூன்று நாள் கடும் காய்ச்சல் அடித்து, இறங்கும்போது உடம்பெல்லாம் ரோஜா நிறத் தடிப்பு வருமே, அந்தக் காய்ச்சல்.

எம்.ஆர்.ஐ. எல்லா ஊரிலும் இல்லை. இருக்கும் ஊரிலும், மயக்க மருந்து கொடுத்துக் குழந்தையைக் கவனிக்க ஆள் வேண்டும். ஆகவே ஃபெப்ஸ்டாட்டின் இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே 72 மணி நேரத்துக்குள் எடுத்த இ.இ.ஜி. பதிவுகளில் கிட்டத்தட்ட பாதி இயல்புக்கு மாறாக இருந்தன. மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் அலைகள் மந்தமாகியிருந்த குழந்தைகளுக்கு, எம்.ஆர்.ஐ.யில் ஹிப்போகேம்பஸ் வீக்கம் தெரியும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. தலையில் கம்பிகளை ஒட்டி எடுக்கும் பழைய சோதனை, யாருக்கு விலையுயர்ந்த படம் தேவை என்பதைச் சொல்லும் வாயில்காப்பாளனாக ஆகலாம்.

கடிகாரத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன். அந்த 199 குழந்தைகளில் 179 பேருக்கு வலிப்பு தானாக நிற்கவில்லை. மருந்து கொடுத்தே நிறுத்த வேண்டியிருந்தது. வலிப்பு தொடங்கியதிலிருந்து ஆம்புலன்சிலோ மருத்துவமனையிலோ முதல் மருந்து உள்ளே போகும்வரை ஆன நேரத்தின் நடுமதிப்பு 30 நிமிடம். ஆம்புலன்ஸ் வசதியில் குறைவில்லாத அமெரிக்க நகரங்களில் இந்த நிலை. முன்னதாக மருந்து கிடைத்தவர்களுக்கு வலிப்பு முன்னதாக நின்றது. ஐந்து நிமிடத்தைத் தாண்டிய வலிப்பு தானே நிற்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு நிமிடம் குறைகிறது என்பது நரம்பியலில் இன்று பொது அறிவு. அதனால்தான் ஐந்து நிமிடம் என்பது கோடு. அதற்கு மேல் போனால், மூக்கில் பீய்ச்சும் மிடசோலம் அல்லது ஆசனவாய் வழியாகச் செலுத்தும் டயசிபாம் கொண்டு நிறுத்த வேண்டும். நீண்ட வலிப்பு ஒருமுறை வந்த குழந்தையின் பெற்றோர், இந்த மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, அளவு என்ன, எப்படிக் கொடுப்பது என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று: கைகால் உதறல் நின்றதாலேயே வலிப்பு நின்றுவிட்டதாக எண்ணக் கூடாது. கண்கள் ஒரு பக்கமே செருகி, உடல் விறைத்து, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால் உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். மருத்துவமனைக்கு வந்த பிறகும் இது கவனிக்கப்படாமல் போன குழந்தைகள் அந்த ஆய்விலேயே உண்டு.

தழும்பு விழுந்த குழந்தைக்கெல்லாம் வலிப்பு நோய் வந்துவிடுமா? வராமலும் போகலாம். காய்ச்சலில் நீண்ட வலிப்பு வந்த நாளுக்கும் பக்கவாட்டு மடல் வலிப்பு தலைகாட்டும் நாளுக்கும் இடையே எட்டு, பத்து ஆண்டுகள்கூட ஓடிவிடுகின்றன. அந்த மௌன காலத்தில் உள்ளே நரம்பணுக்கள் புதுப்புது இணைப்புகள் போட்டு, ஏதோ ஒரு கோணலான வலையைப் பின்னிக்கொண்டிருக்கின்றன. யாருக்கு அந்த வலை பின்னப்படுகிறது என்பதை முதல் நாளிலேயே கண்டுகொள்ள முடிந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் அதைத் தடுக்க மருந்து தேடலாம்.

கலிஃபோர்னியாவின் இர்வைனில் டேலி பாரம் என்ற குழந்தை நரம்பியல் ஆய்வாளரின் கூடத்தில் அதைத் தேடுகிறார்கள். பிறந்து பத்து நாளான எலிக்குட்டிகளின் மேல் வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தி உடல் வெப்பத்தை ஏற்றினால், குழந்தைகளுக்கு வருவது போன்ற வலிப்பு வருகிறது. அதை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்க விட்டு, சில மணி நேரத்துக்குள் மிக வலிமையான காந்தத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எல்லோரும் வெள்ளையைத் தேடிக்கொண்டிருக்க, 2014-இல் அவர்கள் கண்டது இருட்டு. ஹிப்போகேம்பஸுக்குப் பக்கத்திலுள்ள அமிக்டலாவில் டி2 நேரம் குறைந்திருந்தது. எந்தக் குட்டிகளுக்கு அப்படிக் குறைந்ததோ, அவற்றுக்கே பின்னாளில் வலிப்பு நோய் வந்தது. நரம்பணுக்கள் அளவுக்கு மீறி உழைத்து இரத்தத்தின் ஆக்சிஜனை உறிஞ்சிவிட, ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் அங்கே பெருகியதே காரணம் என்று கண்டார்கள். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினுக்குக் காந்தத் தன்மை உண்டு. அது பக்கத்து நீரின் தாளத்தைக் கலைத்துக் குரலைச் சீக்கிரம் தேய்த்துவிடும். வீக்கம் சேதத்தின் அடையாளம் என்றால், இந்த இருட்டு சேதத்துக்கு முந்தைய அறிகுறி. இதைக் குழந்தையிடம் பார்க்க 72 மணி நேரம் மிகத் தாமதம். வலிப்பு நின்ற சில மணி நேரத்துக்குள், அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து நேராக எந்திரத்துக்கு எடுத்துப் போயாக வேண்டும்.

2003-இல் முதலில் சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்கு இன்று 20 வயதுக்கு மேல் ஆகிறது. அந்தக் காய்ச்சலும் அந்த இரவும் அவர்களுக்கு நினைவிருக்காது; அந்த வயதின் நினைவுகள் யாருக்கும் தங்குவதில்லை. அவர்களுடைய ஹிப்போகேம்பஸின் படங்கள் மட்டும், முதல் வாரத்தில் எடுத்ததும் மறுஆண்டு எடுத்ததும், பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னும் ஒப்பிடப்பட்டுக்கொண்டிருக்கின்றன.